மதி என்றால் போதும்

குழித்துறைப் பாலத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் சில தடவை முறுக்கிப் பார்த்தார். அது இருமியது, பிறகு இருமக்கூட இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் இறங்கி நேராக டீக்கடைக்குப் போனார். மற்றவர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். எங்கள் ஈப்போவில் இப்படி ஆகியிருந்தால் முதலில் போனை எடுத்துப் படம் பிடித்திருப்பார்கள். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

பால் ஊற்றாத எங்கள் ஊர் 'தே ஓ'வுக்கு இங்கே கட்டஞ்சாயா என்று பெயர். கண்ணாடித் தம்ளரில் ஆற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் நெற்றியில், அய்யாவைக் கும்பிடும் அய்யாவழிக்காரர்களின் நீண்ட வெள்ளை நாமம். என் பேச்சைக் கேட்டதும், "சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "பெரிய வெள்ளிக்கு வந்தியளா? சரிதான். எங்க அய்யாவும் ஒத்திரி பாடுபட்டவருதான்" என்றார், ஏதோ எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிதான் புரிந்தது. "பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள், வீட்டில் நானும் நாயும்தான்" என்றாள் ஒருத்தி. "நாயாவது இருக்கிறதே" என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் வந்த காரியம் சிரிக்கிற காரியம் இல்லை. ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். போன வருஷம் எங்கள் வார்டுக்கு அஜின் என்று ஒரு பையன் காய்ச்சலோடு வந்தான். ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. திருவட்டாறு பக்கம் என்று சொன்னான். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியது. அந்த வார்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் நான் ஒருத்திதான். என்னுடைய ஷிப்ட் முடிந்த பிறகும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிப்பேன். கடைசி நாளும் வாசித்தேன். அவன் கை என் கையில் இருக்கும்போதுதான் போனான்.

உடல் விமானத்தில் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவன் அம்மா அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போன் செய்வார். "அவனுக்க மொகத்தக் கடைசியாட்டு பாத்தது நீங்கதான் சிஸ்டர். ஒருக்கா வாங்கோ. வந்து எனக்க முன்ன இரியுங்கோ. அது மதி" என்பார். அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை. போனில் பாதி பேச்சு எப்போதும் விட்டுப்போகும்.

வருவதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அஜின் கடைசியாகச் சொன்னது ஒரு பெயர். "மதி, சிஸ்டர்... மதி. அங்க ஆரும் இல்ல." மதி என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு யாரும் இல்லை, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்குத் தெரியாத காதலாக இருக்கும் என்று நினைத்து அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

மாற்று பஸ் வந்தது. நின்றுகொண்டேதான் பயணம். வழியெல்லாம் ரப்பர். என் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். எங்கள் பக்கத்தில் பால்மரமெல்லாம் அழிந்து எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்டது. இங்கே மரங்கள் அதே கோடு, அதே சிரட்டை, காய்கிற ரப்பர் ஷீட்டின் அதே புளித்த நாற்றம். கடல் தாண்டி வந்து என் பிறந்த இடத்தில் இறங்கியதுபோல் இருந்தது.

அஜினின் அப்பா ஞானதாஸ் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றார். ரப்பர் வெட்டுகிறவர், சபைக் கமிட்டியில் இருப்பவர். கைகொடுத்துவிட்டு என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். சக்கரம் இருக்கிறது என்று சொன்னேன். "இந்த வழியில சக்கரம் ஓடாது" என்றார். உண்மைதான். செம்மண் ஏற்றம், முழுக்கக் கல்.

வாசலில் லில்லிபாய் நின்றார். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இலை போட்டார்.

சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த சாளை மீன் கறி, மரச்சீனி மயக்கியது. மரவள்ளிக்கிழங்கு என்றால் எங்கள் வீட்டில் பஞ்ச காலத்துச் சாப்பாடு. ஜப்பான்காரன் காலத்தில் அதையே தின்று வளர்ந்த என் அப்பா பிற்பாடு அதை வீட்டுக்குள் விடமாட்டார். இங்கே அது விருந்தாளிக்கு. மஞ்சளும் தேங்காயும் சேர்ந்து மெத்தென்று இருந்தது. எதிர்ச் சுவரில் அஜினின் படம், அதன் கீழே சபையில் அச்சடித்த நினைவு அட்டை. 'ஜெபித்துக்கொண்டே கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்' என்று போட்டிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை.

லில்லிபாய் கணவருக்கு மறுபடி சோறு வைக்க வந்தார். ஞானதாஸ் இலையைக் கையால் மறைத்தார். "மதி மதி, ஏட்டி மதி."

நான் நிமிர்ந்தேன். "மதி யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அப்போது வந்தது. "ஆளு இல்ல சிஸ்டர்" என்றார் ஞானதாஸ். "மதின்னா போதும்னு அர்த்தம். எங்க பக்கம் அப்படித்தான் பறைவோம். மலையாளம் கலந்த பேச்சு."

நானும் சிரித்திருக்க வேண்டும். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். போதும் சிஸ்டர், போதும். கூப்பிட்டால் கேட்க அங்கே யாரும் இல்லை. அவன் எந்தப் பெண்ணையும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தச் சொன்னான். நானோ 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்ற சங்கீதத்தை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.

லில்லிபாய் உள்ளே போய்விட்டார். ஞானதாஸ் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

வியாழக்கிழமை காலை ஞானதாஸ் ரப்பர் பால் எடுத்து வந்து கொட்டகையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பழகிய நாற்றம் என்னை இழுத்தது, போனேன். தட்டங்களில் பால் உறைய ஆசிட் கலந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நாளைக்கு ஏழு வார்த்தை ஆராதனை. ஏழு பேரு ஏழு வார்த்தைக்குப் பேசணும். எனக்கு நாலாம் வார்த்தை தந்திருக்காவ."

சாகும்முன் ஆண்டவர் பேசிய ஏழில் நாலாம் வார்த்தை எது என்று அவர் சொல்லத் தேவையில்லை. சிலுவையில் தொங்குகிறவர், கடவுளே என்னை ஏன் விட்டுவிட்டாய் என்று கத்துகிற வார்த்தை. எங்கள் ஈப்போ சபையிலும் அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். 'தாகமாயிருக்கிறேன்' என்கிற அடுத்த வார்த்தையைப் பற்றிப் பேசுவது சுலபம்.

"அஜின் அந்தக் கஷ்டத்திலயும் ஜெபிச்சிட்டுதான் போனான்னு சாட்சி சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தேன். நேத்து நீங்க மதி யாருன்னு கேட்டிய. அவன் கடைசியாட்டு என்னத்த பறஞ்சான் சிஸ்டர்?"

ஒரு நர்ஸுக்கு இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நிம்மதியாகப் போனார், உங்களை நினைத்துக்கொண்டே போனார். ஆனால் இவர் அதைக் கொண்டுபோய்ப் பீடத்தில் நின்று சொல்லப் போகிறார். அந்தப் பையன் சாகும்போது பேசிய பேச்சை அழித்துவிட்டு அதன்மேல் இன்னொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். வாசித்துக்கொண்டிருந்தேன், மதி என்றான், அங்கே யாரும் இல்லை என்றான்.

ஞானதாஸ் கையிலிருந்த குச்சியால் பாலைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிளறத் தேவையில்லாத அளவுக்கு அது உறைய ஆரம்பித்திருந்தது.

"அதுக்கு முன்ன அவன் எனக்கு போன்ல விளிச்சான். காய்ச்சல் வாறதுக்கு முன்ன. இஞ்ச முடியல்ல அப்பா, நான் வரட்டான்னு கேட்டான். வேல கடினம்னு நெனச்சேன். எல்லாப் பிள்ளையளும் முதல்ல அப்படித்தான் கேக்கும். பொறு மக்கா, கர்த்தர் ஒன்னக் கைவிட மாட்டாருன்னு பறஞ்சேன்." ஒரு தட்டத்தைத் தள்ளி வைத்தார். "பின்ன அவன் கேக்கல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்தார். "அவளுக்குத் தெரியண்டாம்" என்றார்.

மத்தியானம் லில்லிபாய் என்னைத் தக்கலைக்கு அழைத்துப் போனார். பெரிய வெள்ளிக்கு வெள்ளைச் சேலை வேண்டும், நான் பச்சையும் நீலமுமாகக் கொண்டுவந்திருந்தேன். ஆட்டோ பாதி வழியில் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. ரப்பர் விளையும் ஊரில் டயர் இல்லாமல் நின்றோம். வெயிலில் ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்தோம்.

அப்போது லில்லிபாய் கேட்க ஆரம்பித்தார். தாடி இருந்ததா? இருந்தது. மெலிந்திருந்தானா? மெலிந்திருந்தான். நகம் வெட்டியிருந்ததா? நானே வெட்டிவிட்டேன். கால் விரல் குளிர்ந்திருந்ததா? கம்பளி போர்த்தியிருந்தேன். ஒவ்வொரு பதிலையும் வாங்கி எங்கேயோ வைத்துக்கொள்வதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்பார். என்ன பேசினான் என்று மட்டும் கேட்கவில்லை. நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அது வரவில்லை. வேறு ஆட்டோதான் வந்தது.

தக்கலைக் கடையில் கூட்டம். எனக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்த பெண், "ஈஸ்டருக்குப் புதுசு வேண்டாமா?" என்று மற்ற நிறங்களையும் விரித்துப் போட்டாள். லில்லிபாய் ஒரு மஞ்சள் சேலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்துதான் போனோம். மேட்டின்மேல் மிஷன் காலத்துக் கல் கட்டடம். சரிவில் கல்லறைகள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் வெள்ளை. எங்கள் ஊரில் ஏர்கான் குளிரில் நடக்கும் ஆராதனை இது. இங்கே ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் காற்று இல்லை. தாளை விசிறியாக மடித்து ஆட்டிக்கொண்டு ஜனங்கள் துக்கப் பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடினார்கள்.

முதல் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் பேப்பரைப் பார்த்து வாசித்தார். ஒரு டீச்சர் அழகாகப் பேசினார். பிறகு ஞானதாஸ் எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை. மைக்கைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். பின்னால் குழந்தை ஒன்று சிணுங்கியது.

"எல்லா வருஷமும் நான் இந்த வார்த்தைய மவனுக்க பக்கம் நின்னுதான் கேட்டேன்" என்றார். "சிலுவையில கெடக்கியது மவன். நோவு மவனுக்கு. அப்பனப் பத்தி நான் நெனச்சதே இல்ல. இந்த வருஷம் எனக்கு அப்பனத்தான் தெரியுது. மவன் விளிச்சான். அப்பன் மிண்டல்ல, ஒரு சொல்லு பறையல்ல."

போதகர் தலையை உயர்த்திப் பார்த்தார்.

"எனக்க மவனும் என்னை விளிச்சான். வரட்டான்னு கேட்டான். கர்த்தர் ஒன்னக் கைவிட மாட்டாரு, அங்கயே இருன்னு நான் பறஞ்சேன். அவருக்க பேரச் சொல்லி நான் வாக்கு குடுத்தேன். அவன் ஜெபிச்சிட்டே போனான்னு நம்ம கார்டு அடிச்சோம். அது உள்ளதில்ல. பக்கத்துல இருந்து வேதம் வாசிச்சவங்ககிட்ட அவன் மதின்னு பறஞ்சான். அங்க ஆரும் இல்லன்னு பறஞ்சான். அதுதான் எனக்க மவனுக்க கடைசி வார்த்த."

விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"நான் ஏன் வான்னு பறையல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கு விவரம் இல்ல. அவருக்கு எல்லாம் தெரியுமே. பின்ன ஏன் மிண்டல்ல? அண்ணைக்கு அப்பனுக்கும் நொந்துச்சா? நொந்துச்சுன்னா அவரை எனக்குத் தெரியும். நோவல்லன்னா..." மைக்கை அதன் இடத்தில் நேராக வைத்துவிட்டு இறங்கினார்.

என் பக்கத்தில் லில்லிபாய் எழுந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே போதகர் ஒரு பாட்டை அறிவித்தார். வெகுநேரம் யாரும் ஆரம்பிக்கவில்லை.

அவர் கல்லறைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கோயில் படியிலேயே உட்கார்ந்தார்.

"அவருகிட்ட பறஞ்சிய. எனக்கிட்ட பறையல்ல."

"நீங்க கேக்கலம்மா."

"கேக்கப் பயமாட்டு இருந்து." என் பக்கம் திரும்பி, "அவன் ஆரும் இல்லன்னு பறையும்போ நீங்க இருந்தியளா?" என்றார்.

"இருந்தேன். கையப் பிடிச்சிருந்தேன்."

"அது அவனுக்குத் தெரிஞ்சா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அவன் விரல்கள் என் கையில் எந்த அழுத்தமும் இல்லாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. "தெரியலம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்வதை நானும் சொன்னேன். ஆண்டவரும் அப்படித்தானே கத்தினார், அஜின் போன இடத்துக்கு அவர் முன்னாலேயே போயிருக்கிறார் என்றேன். நான் அதை நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை செய்ய அது ஒன்றுதான் எனக்குத் துணை. ஆனால் அந்தப் படியில் வைத்து அதைச் சொன்னபோது அது யாரோ எனக்குக் கொடுத்து அனுப்பிய பொருள்போல் இருந்தது.

லில்லிபாய் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். "அவருக்கு எழும்பி வர ஒரு ஞாயித்துக்கிழம இருந்து சிஸ்டர்" என்றார்.

ஆராதனை முடிந்ததும் வராண்டாவில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சி, பயறு, ஊறுகாய். அன்று அது தவிர வேறு சாப்பாடு கிடையாது. ஞானதாஸைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், ஆனால் ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் ஒரு பெரியவர் இன்னொருவரிடம், "இதையெல்லாம் மைக்குல பறையலாமா?" என்றார்.

போதகர் கஞ்சிக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். "செமினரியில இதுக்கு ஒரு கேள்வி வந்துச்சு சிஸ்டர்" என்றார். "பிதாவாகிய தேவன் பாடுபடுவாரான்னு. பாடுபட மாட்டாருன்னு ஆறு பக்கம் எழுதினேன். நல்ல மார்க்கு." கஞ்சியைக் குடிக்காமல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்த ஆறு பக்கத்தில ஒரு வரிகூட அவருகிட்ட சொல்ல முடியல்ல."

பிறகு எழுந்துபோய் ஞானதாஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கோடை மழை வந்து வராண்டாவை நனைக்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

*

என் விமானம் சனிக்கிழமை. டிக்கெட் எடுக்கும்போது ஈஸ்டருக்கு முந்தின நாள் கிளம்புகிறோமே என்று நான் யோசிக்கவில்லை.

மரமெல்லாம் ஈரம், அன்று பால்வெட்டு இல்லை. ஞானதாஸ் வாசலில் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் முந்தின நாளிலிருந்து பேசவில்லை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சாயா கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்த லில்லிபாய், "எனக்கிட்டேந்து மறச்சியளே" என்றார். "பயந்தேன்" என்றார் அவர். "நானும்" என்றார் லில்லிபாய். அவ்வளவுதான். சாயா ஆறிப்போனது.

நாளைக்கு விடியற்கால ஆராதனைக்குப் போவீர்களா என்று கேட்டேன். "அல்லேலூயா பாடணும். எனக்குத் தொண்டையில வராது" என்றார் ஞானதாஸ். என் பெட்டியைத் தூக்க எழுந்தார். லில்லிபாய், "நான் போறேன், நீங்க இரியுங்கோ" என்று அவரே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

பஸ் வந்தது. இடம் கிடைத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். லில்லிபாய் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா சிஸ்டர்?"

"கேளுங்கம்மா."

"அவனுக்கு நொந்துச்சா?"

பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "நொந்துச்சும்மா" என்றேன், அவருடைய வார்த்தையிலேயே.

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவர் முகம் சுருங்கியது. வந்த நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லை, உடம்பு மட்டும் ஆடியது. கம்பியை விடவில்லை. கண்டக்டர் விசில் ஊதப்போனவர் ஊதாமல் நின்றார்.

"ஒறங்குனாப்ல போனான்னுதான் எல்லாரும் பறஞ்சாவ" என்றார் கடைசியில். "எனக்க பிள்ளை நோவெடுத்து கெடந்தான். நான் இஞ்ச சோறு பொங்கித் தின்னுட்டு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பியை விட்டார். "நீங்க போயிட்டு வாங்கோ."

பஸ் நகர்ந்தது. அவர் நின்று பார்க்கவில்லை. திரும்பிச் செம்மண் ஏற்றத்தில் ஏற ஆரம்பித்துவிட்டார்.

பஸ் முழுக்கப் பண்டிகைக் கூட்டம். துணிப் பைகள், பூ, கேக் பெட்டிகள். ஒரு கோழி எங்கோ சீட்டுக்கு அடியில் கத்தியது. பக்கத்தில் இருந்த பெண் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்கு ஊருக்குப் போறியளா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"ஆமா" என்றேன்.